அங்கியோடயா போனீங்கள்?

(கொள்ளுப்பிட்டியில் லெந்து காலத்து வெள்ளிக்கிழமைக் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் வழங்கிய தேவசெய்தி. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது.)

இருங்கோ, இருங்கோ. பின்னால் நிற்கிற தம்பிமார் முன்னுக்கு வாங்கோ, இங்கே ஏழெட்டுக் கதிரை சும்மா கிடக்குது. மத்தேயு இருபத்துமூன்றிலே ஆண்டவர் பரிசேயர்மேல் வைத்த குற்றங்களில் ஒன்று, ஜெப ஆலயத்தில் முதல் இடத்துக்கு ஆசைப்பட்டது. அந்த ஒரு குற்றத்தை மட்டும் எங்கள்மேல் யாரும் சுமத்த ஏலாது. எங்கள் சனத்துக்கு எப்பவும் கடைசி வாங்குதான் வேணும். (சிரிப்பு)

மற்றக் குற்றங்கள் மிச்சம் இருக்கு. அதுதான் இன்றைக்கு.

கமிட்டி எனக்குத் தந்த தலைப்பு ‘கிறிஸ்துவின் சிந்தை’. பிலிப்பியர் இரண்டு. நல்ல தலைப்பு. ஆனால் அந்தச் சிந்தைக்குப் போகிற வழியில் மாயக்காரர் என்று ஒரு கூட்டம் குறுக்கே நிற்குது, அவர்களைத் தாண்டித்தான் போகவேணும் என்று சொன்னேன். செயலாளர் உடனே, “ஐயா, சனத்தைப் பேசிப்போடாதேங்கோ, வாற வெள்ளியும் அவை வரவேணும்” என்றார். என்னைக் கூப்பிட்டதே பேசத்தான். கூப்பிட்டுவிட்டுப் பேசாதேங்கோ என்றால் நான் என்ன செய்ய? சரி, பேசவில்லை. ஒரு கதை சொல்லுறன். முதலில் மற்றவர்களின் கதை, பிறகு என் கதை.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? கையை உயர்த்துங்கோ. நல்லது. உங்களுக்கு வொல்ஃபெண்டால் தேவாலயம் தெரியும். 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் பிரதிஷ்டை செய்தது. ஒல்லாந்தர் கட்டினது. வொல்ஃபெண்டால் என்றால் என்ன கருத்து? ஒல்லாந்த மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. அந்தப் பக்கம் அப்போது நரி ஊளையிட்ட சதுப்பு நிலமாம், நரியை ஓநாய் என்று நினைத்து வைத்த பெயர். ஆட்டுத்தோல் போர்த்த ஓநாயைப் பற்றி ஆண்டவர் சொன்னது எல்லாருக்கும் பாடம். அதை வாசித்தவர்கள் போய்த் தங்கள் ஆலயத்துக்கே ஓநாய்ப் பள்ளம் என்று பெயர் விட்டார்கள்! வேறு சபைகள் இவ்வளவு உண்மையைப் பெயர்ப்பலகையில் எழுதுவதில்லை. (சிரிப்பு)

பகிடியை விடுவோம். ஒல்லாந்தர் காலத்தில் என்ன நடந்தது? முதலியார் வேலை வேணுமா, பள்ளிக்கூட உபாத்தியாயர் வேலை வேணுமா, முதலில் ஞானஸ்நானம் எடுத்திருக்க வேணும். கலியாணம் செல்லுபடியாக வேணுமா, பிள்ளைக்குக் காணி போகவேணுமா, தோம்பிலே பெயர் இருக்கவேணும். தோம்பு என்றால் பதிவேடு. அதை வைத்திருந்தது பள்ளிக்கூட உபாத்தியாயர். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வராதவனுக்கும், பிள்ளையைப் பள்ளிக்கு விடாதவனுக்கும் தண்டப்பணம். இப்படி வைத்தால் சனம் என்ன செய்யும்? வந்தது. திரள்திரளாக வந்து முழங்காலில் நின்றது. தோம்பிலே ஒரு பெயர், வீட்டிலே ஒரு பெயர். பகலிலே ஒரு ஜெபம், இரவிலே வேறு பூசை. பின்னாளில் எமர்சன் தெனந்த் என்ற பிரித்தானிய அதிகாரி 1850இல் இலங்கையில் கிறிஸ்தவம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் தருகிற கணக்கு: 1802இல் யாழ்ப்பாணத்தில் மட்டும் பெயருக்குப் புரட்டஸ்தாந்தர் 1,36,000க்கு மேலே. இந்தத் தொகையை மனதில் வைத்திருங்கோ. நாலு வருசம் கழித்து, 1806இல், குளோடியஸ் புக்கனன் என்ற பாதிரியார் யாழ்ப்பாணம் போய்ப் பார்க்கிறார். ஆலயங்கள் இடிந்து கிடக்குது. புரட்டஸ்தாந்து மார்க்கம் அங்கே செத்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போகிறார்.

என்ன நடந்தது? கலகமா? கொள்ளைநோயா? ஒன்றுமில்லை. ஒல்லாந்தன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், ஞானஸ்நானம் இல்லாவிட்டாலும் உத்தியோகம் உண்டு என்று ஆனது. அவ்வளவுதான். அங்கியைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டுப் போனார்கள்.

இதிலே கோயிலுக்குத் திரும்பிப் போனவர்களை நான் குறை சொல்லவில்லை, கவனமாகக் கேளுங்கோ. அவர்கள் தங்கள் வீட்டுக்குத்தான் திரும்பிப் போனார்கள். கர்த்தருடைய பெயரை உத்தியோகத்துக்கு விலைச்சீட்டு ஆக்கினவர்களில்தான் பிழை. சும்மா ஒப்பிட்டுப் பாருங்கோ. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவினார், 1850இல் அது வெளிவந்தது. வேதத்தை வரிவரியாக அறிந்த மனுசன். சைவராகவே இருந்தார், சைவராகவே நின்று எங்களோடு வாதாடினார். ஒரு நாள்கூடக் கிறிஸ்தவன்போல நடிக்கவில்லை. நான் போதகர், அவர் எங்களை எதிர்த்து எழுதியதையெல்லாம் வாசித்தவன், வாசித்துக் கோபப்பட்டவன். ஆனாலும் சொல்லுறன், மாயக்காரர் வரிசையில் அவர் நிற்க மாட்டார். எங்கள் ஆட்கள் நிற்பார்கள்.

எல்லாரும் வேசம் என்றும் இல்லை. அதே ஒல்லாந்த சபையிலேதான் கொழும்பிலே பிறந்த பிலிப்பு தெ மெல்லோ ஐயர் இருந்தார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் இதே கொழும்பில் அச்சானது. நல்ல விதையும் அந்த நிலத்தில் விழுந்தது.

(ரயில் சத்தம்) போகட்டும். இது கொள்ளுப்பிட்டி, இங்கே கர்த்தர் பேசினாலும் ரயில் போகும்வரைக்கும் நிற்கவேணும். போயிட்டுதா? சரி.

இப்ப இந்தக் கதையின் மற்றப் பாதி. இதற்காகத்தான் வந்தேன். ஒல்லாந்தர் 1658இல் ஒரு கட்டளை போட்டார்கள்: கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை. கட்டளை போட்டது யார்? வேதத்தைக் கையில் வைத்திருந்தவர்கள். எங்கள் பக்கத்து ஆட்கள். தலையைக் குனியாதேங்கோ, கேளுங்கோ. அந்தக் காலத்தில் 1687இல் கோவாவிலிருந்து ஒரு குரு யாழ்ப்பாணம் வருகிறார். ஜோசப் வாஸ். ஓம், கத்தோலிக்கப் புனிதர். ஒரு புரட்டஸ்தாந்துப் போதகர் லெந்து காலத்தில் புனிதரைப் பற்றிப் பேசுகிறார் என்று யாரோ போனை எடுத்துப் பதிவு செய்கிற மாதிரி இருக்கு. நல்லாப் பதியுங்கோ, ஆயருக்கும் அனுப்புங்கோ. (சிரிப்பு)

அவர் எப்படி வந்தார்? அங்கியைக் கழற்றிவிட்டு வந்தார். கூலியாளைப்போல, பிச்சைக்காரனைப்போலக் கந்தல் கட்டிக்கொண்டு வந்தார். வந்த உடனே வயிற்றோட்டம், சாகக் கிடந்தார். பிழைத்து எழும்பி, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குப் போனார் என்று அவருடைய வரலாற்றை எழுதினவர்கள் சொல்கிறார்கள். ஏன் செபமாலை? எந்த வீட்டில் அதைக் கண்டு கண் கலங்குதோ, அது தன்னுடைய சனம் என்று அறிய. பிறகு சில்லாலைச் சனம் அவரை ஒளித்து வைத்தது. பிடிபட்டால் அந்தச் சனத்துக்கும் மரணம்.

எங்கள் கழுத்திலும் சிலுவை இருக்கு. ஓட்டோக் கண்ணாடியில் தொங்குது, வாசல் நிலையில் ஒட்டியிருக்கு. அவர் போட்டதற்கும் நாங்கள் போடுவதற்கும் ஒரு வித்தியாசம்தான். அவர் போட்டதால் உயிர் போகலாம். நாங்கள் போடுவதால் ஓட்டோவைப் பொலிஸ் மறிக்காது என்று ஒரு நம்பிக்கை!

சரி, என் கதைக்கு வாறன்.

2022, வைகாசி மாதம். உங்களுக்கு மறந்திருக்காது. அந்த வருசம் 13 மணித்தியாலம்கூட மின்வெட்டு இருந்தது, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை. நான் வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருக்கிறேன், விறகு வைக்கவும் வழியில்லை. பொரளைக் கனத்தையில் ஒரு அடக்க ஆராதனையை முடித்துக்கொண்டு அப்போதுதான் வீட்டு வாசலில் இறங்குகிறேன். போன் வருது: “ஐயா, கடைக்குக் காஸ் வந்திருக்கு, ஓடுங்கோ.” வெறும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அதே ஓட்டோவில் ஓடினேன். போய்ப் பார்த்தால் வரிசை ஒழுங்கை முடிந்து வளைந்து போகுது. சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டிவிட்டுப் பக்கத்தில் சனம் குந்தியிருக்குது. நான் வெள்ளை அங்கியோடு நிற்கிறேன்.

அங்கியைக் கழற்ற ஒரு நிமிசம் போதும். பொத்தான் எத்தனை என்று எனக்குத் தெரியும், முப்பது வருசத்துக்கு மேலாகப் போடுகிறவன். கழற்றவில்லை. ஏன் கழற்றவில்லை? உங்களுக்குத் தெரியும். எனக்கும் அப்பவே தெரியும்.

வரிசையில் முன்னுக்கு ஒரு சிங்கள அம்மா. வயது என் தமக்கையின் வயது இருக்கும். குழந்தைப்பிள்ளை தள்ளுகிற வண்டிலிலே சிலிண்டரை வைத்திருந்தா. என்னைக் கண்டதும் எழும்பி, “ஃபாதர், இஸ்ஸரஹட்ட யன்ன” என்றா. முன்னுக்குப் போங்கோ. நான் ஒரு சாட்டுக்கு, “பரவாயில்லை, பரவாயில்லை” என்றேன். அந்தப் ‘பரவாயில்லை’ எப்படிச் சொன்னேன் தெரியுமா? காலை முன்னுக்கு வைத்துக்கொண்டே சொன்னேன். (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள்.

சிலிண்டர் கிடைத்தது. பன்னிரண்டரைக் கிலோ. ஓட்டோவில் ஏற்றுகிறேன், பின்னால் கடைக்காரர் கையை விரிக்கிறார். முடிஞ்சுது. அவ்வளவுதான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். வரிசையில் அடுத்து யார்? வண்டில் வைத்திருந்த அம்மா.

கணக்கு இலேசு. ஒருவன் உள்ளே போனான், ஒருத்தி வெளியே விழுந்தா. விடிய நாலு மணிக்கு வந்தவவாம். அவ கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினா. நாளைக்கு வாறேன் என்று பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டு வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனா. வெறும் சிலிண்டர், தார் ரோட்டில் அந்த வண்டில் கடகடவென்று போன சத்தம் எனக்கு இப்பவும் கேட்குது.

நான் இறங்கிப்போய், “அம்மா, இதை எடுங்கோ” என்று கொடுத்தேனா? நல்ல பிரசங்கமாக இருந்தால் இங்கே அப்படித்தான் வரவேணும். கொடுக்கவில்லை. ஓட்டோக்காரனிடம், “தம்பி, போவம்” என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். சிலிண்டரைக் கண்டதும் மனிசிக்குச் சந்தோசம். இவ்வளவு கெதியிலே எப்படி என்று கேட்டா. பிறகு என்னை மேலிருந்து கீழே ஒருக்காப் பார்த்தா. “அங்கியோடயா போனீங்கள்?” என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. குசினிக்குள்ளே போய்ப் புட்டு அவித்தா. அந்தப் புட்டு எனக்கு இன்னும் செமிக்கவில்லை. அந்த வார ஞாயிறு எனக்கு நியமித்த பகுதி எது தெரியுமா? நல்ல சமாரியன். ஆசாரியன் அந்த வழியே வந்து, பக்கமாய் விலகிப்போன கதை. வாசித்தேன். பிரசங்கமும் பண்ணினேன். நல்ல பிரசங்கம் ஐயா என்று வாசலில் கை குலுக்கினார்கள்.

இப்ப சேர்த்துப் பாருங்கோ. ஜோசப் வாஸ் அங்கியைக் கழற்றிவிட்டுப் பிச்சைக்காரனின் கந்தலைக் கட்டினார், உள்ளே கிறிஸ்து இருந்தார். நான் கிறிஸ்துவின் அங்கியைப் போட்டிருந்தேன், உள்ளே ஒரு காஸ் பிச்சைக்காரன் இருந்தான். வேசம் இரண்டு பேரும்தான் போட்டோம். அவர் ஒளித்தது எதை, நான் ஒளித்தது எதை?

தெல்லிப்பழைப் பக்கத்தில் பிறந்த டி. ரி. நைல்ஸ் ஐயர், 1948இல் அம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபை மாமன்றத்தின் முதல் கூட்டத்தில் பிரசங்கம் பண்ணின எங்கள் யாழ்ப்பாணத்து மனுசன், சுவிசேசம் சொல்லுவதை ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குப் பாண் கிடைக்கிற இடத்தைக் காட்டுவதற்கு ஒப்பிட்டவர். உலகம் முழுக்கத் தெரிந்த உவமை. 2022இல் தெரு முழுக்க அதைத்தானே செய்தது? “பம்பலப்பிட்டியில் காஸ் வந்திருக்கு, ஓடுங்கோ” என்று ஆளுக்காள் போன் எடுத்தார்கள். எனக்கும் ஒருவர் எடுத்தார். சுவிசேசம் எனக்கு வந்தது. நான் அதைக் கேட்டுவிட்டு, மற்றப் பிச்சைக்காரியைத் தள்ளிவிட்டுப் பாணை எடுத்துக்கொண்டு வந்தேன்.

சரி, நான் என்னைப் பேசிவிட்டேன். இனி உங்களைப் பேசலாம்தானே? செயலாளர் தலையாட்டுகிறார். கொஞ்சம்தான்.

வெள்ளவத்தை வீடுகளில் மலையகத்திலிருந்து வந்த பிள்ளைகள் வேலைக்கு நிற்குதுகள். சாப்பாட்டு மேசையில் நன்றி சொல்லி ஜெபிக்கிறீர்கள், “எங்கள் அனுதின ஆகாரத்துக்காக” என்று. அந்த ஆகாரத்தைச் சமைத்த பிள்ளை குசினி வாசலில் நிற்குது. அதற்கு வேறு கோப்பை, வேறு தேத்தண்ணிக் குவளை. அந்தப் பிள்ளைக்கு ஞாயிறு லீவு உண்டா? நீங்கள் ஓய்வுநாளை ஆசரிக்கப் போகிறீர்கள், அதற்கு அன்றைக்குத்தான் விருந்தினர் சாப்பாடு. ஓய்வுநாள் கட்டளையை எடுத்து வாசியுங்கோ, வேலைக்காரிக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கு.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மணமகள் தேவை பாருங்கோ. கிறிஸ்தவர் என்று ஒரு சொல், அதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர். இந்த இரண்டு சொல்லும் ஒரே வரியில் எப்படிப் படுத்து நித்திரை கொள்ளுதுகள் என்று எனக்கு விளங்கவில்லை. “ஐயா, நாங்கள் சாதி பார்க்கிறதில்லை, ஊர் கேட்கும்” என்கிறார்கள். ஊரில் யாரும் இல்லையே! ஊர் முழுக்கக் கனடாவில் இருக்கு. (சிரிப்பு)

பிறகு ஜெபக்குறிப்பு. “அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கோ, மகள் வந்து…” என்று தொடங்கி முழுக் கதையும் வட்ஸ்அப்பில் வந்துவிடும். அதற்குக் கீழே பதினைந்து கை கூப்பின படம். போதும், விடுறன். ஒரு அக்கா போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறா.

இதெல்லாம் அங்கிதான். விளங்குதா? என் அங்கி வெள்ளை, உங்களுடையது சாதி, உங்களுடையது ஜெபம், உங்களுடையது நன்றி சொல்லுகிற ஜெபம். அங்கியோடயா போனீங்கள்? வீட்டிலே யாராவது உங்களைக் கேட்கிறார்களா? கேட்க ஆள் இருந்தால் நீங்கள் பாக்கியவான்கள். எனக்கு ஒரு ஆள் இருக்கு, பின்னால் நாலாவது வாங்கிலே இருந்து முறைக்கிறா. (சிரிப்பு)

இருதயத்தை மாற்றும் என்று ஜெபிக்கிறோம். புதிய இருதயம், எசேக்கியேல் முப்பத்தாறு. எத்தனை லெந்து ஜெபித்தாயிற்று. மாறுதா? எனக்குப் பெரிதாக மாறவில்லை. ஏன் என்று யோசித்தேன். திரும்பவும் அந்தப் பிச்சைக்காரரிடம்தான் போகவேணும்.

யாழ்ப்பாணத்தில் தேடுதல் கூடினதும் வாஸ் கண்டிக்குப் போனார். 1692. போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். சிறைக்குள்ளே இருந்து சிங்களம் படித்தார். 1697இல் கண்டியில் அம்மை வந்தது. பெரிய அம்மை. சனம் தன் சொந்த வீட்டு நோயாளியைக் காட்டில் விட்டுவிட்டு ஓடினது. பெற்ற தாயைப் பிள்ளை விட்டுவிட்டுப் போனது. வாசும் அவருடைய மருமகன் முறையான இன்னொரு குருவும் நின்றார்கள். கொட்டில் போட்டார்கள். கஞ்சி காய்ச்சினார்கள். புண்ணைக் கழுவினார்கள். செத்தவர்களைத் தோண்டிப் புதைத்தார்கள். எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. அவரைச் சிறையில் போட்ட அரசு, பிறகு அவரை நாட்டில் எங்கேயும் போக விட்டது. 1711 ஜனவரியில் கண்டியிலேயே கண்ணை மூடினார். இன்னொன்று, 1806இல் புக்கனன் யாழ்ப்பாணத்தில் எங்கள் சபை செத்தது என்று எழுதினார் என்றேனே, அதே 1806இல்தான் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கினார். அதுவரைக்கும் ஒளித்திருந்த சனம் வெளியே வந்தது. தண்டப்பணத்துக்குப் பயந்து வந்தவர்கள் இல்லாமல் போனார்கள். உயிருக்குப் பயப்படாமல் ஒளித்தவர்கள் இருந்தார்கள். 2015 ஜனவரி 14, இந்தக் காலி வீதியால் நடந்து போகிற தூரத்திலே, காலிமுகத்திடலிலே, பாப்பரசர் பிரான்சிஸ் வந்து வாசைப் புனிதர் என்று அறிவித்தார். நானும் போய்ச் சனத்துக்குள் நின்றேன். அன்றைக்கு அங்கி போடவில்லை, அதற்குக் காரணம் பக்தி இல்லை, வெயில்.

நான் சொல்ல வந்தது, அந்த மனுசனின் இருதயம் கண்டிக்குக் கிளம்பும்போதே அப்படி இருந்ததா, கஞ்சி காய்ச்சக் காய்ச்ச அப்படி ஆனதா, எனக்குத் தெரியாது. என் அனுபவத்திலே இருதயம் மெத்தச் சோம்பேறி. அது முன்னுக்குப் போகாது. கையை முதலில் அனுப்பவேணும். கை போய்ப் புண்ணைத் தொட்டால், முகத்தைச் சுளித்துக்கொண்டு இருதயம் பின்னாலே வரும். ‘அடிமையின் ரூபம்’ என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். ரூபம்! கிறிஸ்து முதலில் எடுத்தது உடுப்பைத்தான். ஆனால் மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவனின் உடுப்பை எடுத்தார். நாங்கள் எப்பவும் மேலே இருக்கிறவரின் உடுப்பைத்தான் எடுக்கிறோம், அதுவும் வரிசையில் நிற்கும்போது.

நேரம் போச்சு. மழையும் இரைச்சல் போடுது. கடைசி ஒன்று.

இந்தக் கூட்டம் தொடங்கி நாலு வெள்ளி ஆச்சு. கீழே இரண்டு பேர் ஒவ்வொரு வெள்ளியும் தேத்தண்ணி ஊற்றுதுகள், பணிசை எண்ணி வைக்குதுகள். இந்த நாலு பிரசங்கத்தில் ஒன்றையும் அந்த இரண்டு பேரும் கேட்கவில்லை. நான் போன கிழமைதான் கவனித்தேன், அதுவும் எனக்குச் சீனி போடாத தேத்தண்ணி வந்ததாலே. இன்றைக்கு ஆமென் சொன்னதும் நான் கீழே போறன். அந்த இரண்டு பேரும் மேலே வந்து இந்த முன் கதிரையில் இருந்து பாட்டுக் கேட்கட்டும். ஐயா நடிக்கிறார் என்று யாராவது நினைத்தால் நினையுங்கோ, பாதி சரி. மிச்சப் பாதிக்காக நாலு பேர் கூட வாங்கோ, வாளி பாரம். சீனி கூடக் குறைய இருக்கும், பேசாமல் குடியுங்கோ.

தம்பி, இந்த மைக்கைப் பிடியுங்கோ. பொத்தான் கழற்ற ஒரு நிமிசம்.